எந்த ப்ரோட்டோடைப், எவ்ளோ ஸ்பெக்? ஆத்தங்குடி டைல்ஸ் ஆர்டர் ஆப்ப வச்சு ஒரு வழிகாட்டி

ஸ்கிரீன் வரையிற டூலான ஃபிக்மாவத் தொறக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி எழுதுங்க: இந்த ப்ரோட்டோடைப்ப (கட்டுறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்குற மாதிரி வடிவத்த) வச்சு நான் என்ன தெரிஞ்சுக்கணும்? பேப்பர்ல வரையணுமா, க்ளிக் பண்ற மாதிரி செய்யணுமா, நேரா கோட் எழுதணுமாங்கிறத அந்த வரிதான் முடிவு பண்ணும். கையில என்ன டூல் இருக்குங்கிறது முடிவு பண்ணக் கூடாது, க்ளையண்ட் கேக்குற பளபளப்பும் முடிவு பண்ணக் கூடாது. ஸ்பெக்குக்கும் (டெவலப்பருக்கு எழுதிக் குடுக்குற விவரக் குறிப்புக்கும்) இதே கணக்குதான், படம் காட்ட முடியாத விஷயத்த மட்டும் எழுதுனா போதும், படத்துல இருக்குறதையே திரும்ப வார்த்தையில எழுதி பக்கத்த நிரப்ப வேணாம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருந்துக்கிட்டு உள்ளூர் வியாபாரத்துக்கு ஆப்பும் வெப்சைட்டும் பண்ணித் தர்றவங்கள மனசுல வச்சுத்தான் இத எழுதுறேன். கண்டாங்கிச் சேலைக் கடை, சீர் பலகாரம் செஞ்சு அனுப்புற வீடு, பழைய வீட்ட ஹோட்டலா நடத்துறவங்க, யாருக்கு பண்ணாலும் யோசிக்கிற முறை ஒண்ணுதான். பேச்சு பொதுவாவே போயிரக் கூடாதுங்கிறதுக்காக கடைசி வரைக்கும் ஒரே உதாரணத்த எடுத்துக்குறேன். ஆத்தங்குடி டைல்ஸ் (நம்ம பக்கம் கையால வார்க்குற பூப்போட்ட தரைக் கல்லு) பட்டறை ஒண்ணுக்கு ஆர்டர் எடுக்குற ஆப். சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருக்குற ஒருத்தர் ஊர்ல உள்ள வீட்ட சரி பண்றாரு, போன்லயே டிசைன் பாத்து, ரூம் அளவப் போட்டு, எத்தன கல்லு வேணும்னு தெரிஞ்சுக்கிட்டு ஆர்டர் போடணும், பட்டறையில ஆர்டர் எடுக்குற அக்கா அதப் பாத்து உறுதி பண்ணணும். ரெண்டு பக்கமும் ஆளு இருக்கு, கணக்கு இருக்கு, படம் இருக்கு, தேதி இருக்கு. பழகுறதுக்கு நல்ல உதாரணம்.

கேள்விய மொதல்ல பிரிச்சுக்கங்க

ஆப்பிள்ல வேல பாத்த ஸ்டெஃபனி ஹௌட், சார்லஸ் ஹில்னு ரெண்டு பேரு 1997-ல ஒரு விஷயத்த தெளிவா பிரிச்சு சொன்னாங்க. ப்ரோட்டோடைப் மூணு விதமான கேள்விக்கு பதில் தேடலாம். இந்தப் பொருள் அந்த ஆளோட வாழ்க்கையில என்ன வேலைக்கு ஆகும்ங்கிறது ஒண்ணு. கண்ணுக்கும் கைக்கும் எப்படி இருக்கும்ங்கிறது இன்னொண்ணு. உள்ள இருக்குற சங்கதி நெசமாவே வேல செய்யுமாங்கிறது மூணாவது. நான் பாத்த வரைக்கும் நம்ம ஆளுங்க ரெண்டாவதுலயே பாதி நாள ஓட்டிர்றாங்க, அதுக்குத்தான் டூல் அழகா இருக்கு, கலர் மாத்தி மாத்தி பாக்கலாம், ஆனா சின்ன வியாபாரத்துல ஆப் தோத்துப் போறது பெரும்பாலும் மொத கேள்வியிலயும் மூணாவது கேள்வியிலயும்தான்.

நம்ம டைல்ஸ் ஆப்புக்கு இப்படி வரும். இப்ப போன் போட்டு அக்காகிட்ட பேசி ஆர்டர் குடுக்குறவரு, ஆப்ல எதுக்கு போடணும், அவருக்கு என்ன லாபம்? இது மொத வகை. டிசைன், பார்டர், கலர் மூணையும் ஒரு சின்ன ஸ்கிரீன்ல குழப்பமில்லாம தேர்ந்தெடுக்க முடியுமா? ரெண்டாவது. ரூம் அளவ வச்சு கல்லு எண்ணிக்கை சரியா வருமா, அதுவும் பார்டரோட சேத்து? இது மூணாவது. மூணுக்கும் ஒரே ப்ரோட்டோடைப்ப தூக்கிக்கிட்டு போனீங்கன்னா எதுக்குமே முழுசா பதில் வராது.

இன்னொண்ணும் சேத்து ஞாபகம் வச்சுக்கங்க. ‘லோ ஃபை’ (கரடுமுரடானது), ‘ஹை ஃபை’ (அசல் மாதிரியே இருக்குறது)ன்னு ஒரே கோட்டுல ரெண்டு முனை மாதிரி எல்லாரும் பேசுறாங்க, அது பத்தாது. பார்வைக்கு கரடுமுரடா பென்சில் கோடா இருக்கலாம், ஆனா உள்ள இருக்குற டிசைன் பேரு, அளவு, வெல எல்லாம் நெச பட்டறையோடதா இருக்கலாம். அப்படிக் கலந்து செய்யிறதுதான் பல சமயம் நல்லா வேல செய்யும். எதை நெசமா வைக்கணும்னு கேட்டா, எந்தக் கேள்விக்கு பதில் தேடுறீங்களோ அத மட்டும் நெசமா வைங்க.

பேப்பர்: ஓட்டமும் வார்த்தையும் சரியான்னு பாக்க

ஓட்டம் சரியா இருக்கா, எழுதியிருக்கிறது புரியுதா, எதுக்கு அப்புறம் எது வரணும், இந்தக் கேள்விகளுக்கு பேப்பர விட வேகமா எதுவுமே இல்ல. போன் ஸ்கிரீன் அளவுக்கு அட்டைய வெட்டிக்கங்க. தடியான மார்க்கர்ல எழுதுங்க, மெல்லிய பேனாவுல எழுதுனா சின்னச் சின்ன விவரமா போட்டு அடைச்சுருவீங்க. கீழ இறங்குற லிஸ்ட், எரர் செய்தி இதெல்லாம் தனித்தனி துண்டுச் சீட்டா வச்சுக்கங்க. ஒருத்தர் கம்ப்யூட்டர் மாதிரி உக்காந்து, தொட்ட இடத்துக்கு ஏத்த சீட்ட எடுத்து வைக்கணும், வாய தொறக்கவே கூடாது. இன்னொருத்தர் வேலையச் சொல்லணும். முடிஞ்சா மூணாவது ஆளு குறிப்பெடுக்கணும்.

வேலையச் சொல்லும்போது பட்டன் பேரச் சொல்லாதீங்க. “டிசைனத் தேர்ந்தெடுங்க, அப்புறம் அளவப் போடுங்க”ன்னு சொன்னா அவங்க உங்க வார்த்தையத்தான் தேடுவாங்க. “வீட்டுல பட்டாலைக்கு கல்லு மாத்தணும், பழைய கல்லு மாதிரியே பூ வேணும், ஓரத்துல பார்டர் வேணும், இதுல எப்படி ஆர்டர் போடுவீங்க”ன்னு கேட்டுட்டு கைய கட்டிக்கிட்டு பாருங்க. திணறுனா உடனே உதவாதீங்க, அந்தத் திணறல்தான் நீங்க தேடி வந்த பதில்.

என்ன கெடைக்கும்ங்கிறதுக்கு ஒண்ணு சொல்றேன். இந்த மாதிரி ஒரு பட்டறையில அட்டைய மேசையில பரப்பி வச்சப்ப, பில் புக்க ஓரமா தள்ளி வச்சுட்டு அந்த அக்கா ‘நீளம்’, ‘அகலம்’னு எழுதுன ரெண்டு கட்டத்து மேலயும் வெரல வச்சாங்க. “தம்பி, இங்க வர்றவுக சதுர அடிதான் சொல்லுவாக. எடுத்த எடுப்புல நீளம் அகலம் கேட்டா, அளந்துட்டு வர்றேன்னு போயிருவாக.” சரிக்கா, அப்ப நீளம் அகலம் எப்பக் கேப்பீங்கன்னதும், “பார்டர் வேணும்னு சொன்னா மட்டும் கேப்பேன். அப்ப அவுகளே கொத்தனார்கிட்ட கேட்டுச் சொல்லிருவாக”ன்னாங்க. பாருங்க, மொத ஸ்கிரீன்ல சதுர அடி, பார்டர் வேணும்னா மட்டும் அடுத்த ஸ்கிரீன்ல நீளம் அகலம். மொத்த ஓட்டமும் ரெண்டு பேச்சுல தலைகீழா மாறிருச்சு, மாத்துறதுக்கு ஒரு அட்டைதான் செலவு. இதே கட்டம் அழகா கலர் போட்ட ஸ்கிரீன்ல இருந்திருந்தா அவங்க “நல்லாருக்கு தம்பி”ன்னு சொல்லியிருப்பாங்க, முடிஞ்சு போன வேலைய யாரும் மூஞ்சிக்கு நேரா கொறை சொல்ல மாட்டாங்க, அதுவும் நம்ம ஊர்ல வீடு தேடி வந்த ஆள்கிட்ட சொல்லவே மாட்டாங்க.

பேப்பர் எதுக்கு ஆகாதுன்னா, ஸ்க்ரோல் பண்றது, வேகம், வெரலுக்கு பட்டன் எட்டுதா, படம் லோடு ஆகுற நேரம். இதையெல்லாம் பேப்பர்ல கேக்காதீங்க.

எக்செல் ஷீட்டும் ப்ரோட்டோடைப்தான்

கணக்கு சரியாங்கிற கேள்விக்கு ஸ்கிரீனே வேணாம். ஒரு கூகுள் ஷீட் போதும், இத யாருமே ப்ரோட்டோடைப்பா நெனைக்கிறதில்ல, அதான் வருத்தம்.

போட்டுப் பாருங்க. 10 அடிக்கு 10 அடி ரூம், 10 இன்ச் கல்லு. ஒரு பக்கத்துக்கு 12, மொத்தம் 144. சுத்தி ஒரு வரிசை பார்டர்னா அதுல 44 போகும், அந்த 44-ல மூலைக்கு 4, நேர் பார்டர் 40, நடுவுல பூ 100. இப்ப அதே 100 சதுர அடிய 5-க்கு 20-ன்னு நீளமா வைங்க, நம்ம பக்கத்து நடை மாதிரி. மொத்தம் அதே 144-தான். ஆனா பார்டர் 56 ஆயிருது, மூலை 4, நேர் 52, நடு 88. சதுர அடி ஒண்ணு, ஆர்டர் வேற. அக்கா எதுக்கு பார்டர்னா மட்டும் நீளம் அகலம் கேக்குறாங்கன்னு இப்ப கணக்காவே தெரியுது. கல்லு அளவு 8 இன்ச்னு மாத்துனா 10-க்கு 10 ரூமுக்கு 225, 12 இன்ச்னா 100. எல்லாத்தையும் ஷீட்ல போட்டு பட்டறைக்காரங்க முன்னாடி அவங்க பழைய பில்லோட ஒத்துப் பாருங்க. ஒத்து வரலன்னா அவங்க மனசுல இருக்குற ஒரு விதி உங்க ஷீட்ல இல்லன்னு அர்த்தம், அத அப்பவே கேட்டுருங்க.

திரைக்குப் பின்னாடி ஆள உக்கார வைக்கிறது

தமிழ்ல பேசுனாலே ஆர்டர் எடுத்துக்குற மாதிரி வேணும்னு க்ளையண்ட் கேப்பாங்க, இப்ப ரொம்பவே கேக்குறாங்க. அத கட்டிப் பாக்குறதுக்கு முன்னாடி, ஜனங்க அத பயன்படுத்துவாங்களான்னு பாக்கணும் இல்லயா? 1983-ல ஐபிஎம்ல ஜான் கூல்டும் கூட இருந்தவங்களும் வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. பேசுனா எழுதுற மெஷின் அப்ப கெடையாது. அதனால மைக்ல ஒருத்தர் பேசுவாரு, கண்ணுக்குத் தெரியாத எடத்துல டைப்பிஸ்ட் உக்காந்து அடிப்பாரு, எழுத்து ஸ்கிரீன்ல வரும். மெஷினே எழுதுதுன்னு நெனச்சு பேசுனா ஜனங்க எப்படி நடந்துக்குறாங்கன்னு மெஷின் வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டாங்க. இந்த முறைக்கு ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’னு பேரு.

நம்மளுக்கு இதுக்கு லேப் எல்லாம் வேணாம். வாட்ஸ்ஆப்ல ஒரு புது நம்பர், இந்தப் பக்கம் நீங்க. வாய்ஸ் மெசேஜ் வரும், முன்னாடியே எழுதி வச்ச பதில்கள்ல ஒண்ண மட்டும் எடுத்து அனுப்பணும். சொந்தமா புத்திசாலித்தனமா பதில் சொல்லக் கூடாது, ஏன்னா நாளைக்கு மெஷின் அப்படிச் சொல்லாது. எந்த எடத்துல எழுதி வச்ச பதில் பத்தலயோ அதக் குறிச்சுக்கங்க. டெஸ்ட் முடிஞ்சதும் பின்னாடி ஆளுதான் இருந்தேன்னு சொல்லிருங்க, அது மரியாதை. அவங்க குரல் பதிவ வச்சுக்கணும்னா கேட்டுட்டு வைங்க.

பாம் பைலட்ங்கிற கையடக்க கம்ப்யூட்டர் 1996-ல வர்றதுக்கு முன்னாடி, அத உருவாக்குன ஜெஃப் ஹாக்கின்ஸ் அந்த அளவுல ஒரு மரக்கட்டைய சட்டைப் பையில போட்டுக்கிட்டு சுத்தி, தேவைப்படுறப்ப எடுத்து எழுதுற மாதிரி பாவனை பண்ணிப் பாத்ததும் இதே கேள்விக்குத்தான்: இது என் அன்னாட வாழ்க்கையில ஒட்டுமா?

க்ளிக் பண்ற ப்ரோட்டோடைப் எப்ப

வார்த்தையும் ஓட்டமும் பேப்பர்ல நின்னுருச்சு, இப்ப கை எப்படிப் போகுது, கண்ணு எங்க தங்குதுன்னு பாக்கணும்னா ஃபிக்மா எடுங்க. காசு குடுக்காம, ஓப்பன் சோர்ஸா வேணும்னா பென்பாட் இருக்கு. லேப்டாப்ல காட்டாதீங்க, போன்ல போட்டு கையில குடுங்க, அதுவும் அவங்க வழக்கமா வச்சுருக்குற மாதிரி போன்ல.

இதுல ஒரு வேலைய மட்டும் ஆழமா செய்யிறதா, எல்லா ஸ்கிரீனையும் மேலோட்டமா செய்யிறதான்னு ஒரு முடிவு எடுக்கணும். க்ளையண்டுக்கு மொத்த ஆப்போட வடிவத்த காட்டணும்னா மேலோட்டம் போதும், மெனு எங்க, என்னென்ன பக்கம் இருக்கு. யூசர் வேலைய முடிக்கிறாரான்னு பாக்கணும்னா ஒரே வேலைய அடி வரைக்கும் செய்யணும். நம்ம ஆப்புக்கு நான் ஆழம் போறது ஒரே பாதையில: டிசைன் பாத்து, பார்டர் சேத்து, அளவு போட்டு, தேதி குடுத்து, உறுதி பண்ற வரைக்கும். மத்த பட்டன் எல்லாம் சாம்பல் கலர்ல சும்மா நிக்கட்டும்.

பளபளன்னு முடிச்ச ப்ரோட்டோடைப்ல ஒரு ஆபத்து இருக்கு. க்ளையண்ட் பாத்துட்டு “முடிஞ்சுருச்சுல்ல, எப்ப விடலாம்”னு கேப்பாங்க. காட்டுறதுக்கு முன்னாடியே வாயாலயும் சொல்லுங்க, மொத ஸ்கிரீன்லயும் எழுதுங்க: இது பாத்துட்டு தூக்கிப் போடுறது, உள்ள ஒண்ணும் இல்ல. பேமெண்ட் பக்கத்துல நெச பேங்க் லோகோவ போடாதீங்க, பெரியவங்க நெசம்னு நெனச்சு பின் நம்பர் அடிக்கப் பாப்பாங்க.

கோட்ல செய்ய வேண்டிய கட்டம்

இந்த மூணுல ஒரு காரணம் இருந்தாலும் நேரா எச்டிஎம்எல்ல போயிருங்க. டைப் பண்றது முக்கியமான வேலையா இருந்தா, ஏன்னா தமிழ் கீபோர்டு வந்து பாதி ஸ்கிரீன மறைக்கிறப்ப ‘அடுத்து’ பட்டன் எங்க போகுதுன்னு படத்துல தெரியாது. படம் நெறைய இருந்தா, ஏன்னா அறுபது எழுபது டிசைன் படம் சுமார் நெட்ல எப்படி வருதுங்கிறது ஃபிக்மாவுல தெரியவே தெரியாது. அப்புறம் தமிழ் எழுத்து நெச போன்ல எப்படி நிக்குதுன்னு பாக்கணும்னா. க்ரோம்லயே நெட் வேகத்தக் கொறச்சு பாக்குற வசதி இருக்கு, ஆனாலும் பழைய வீட்டு உள்கட்டுல நின்னு ஒரு தடவ தொறந்து பாருங்க, அந்தத் தடிச் சொவத்துக்குள்ள நெட் விட்டு விட்டுத்தான் வரும். அப்படியே வளவுல (வீட்டு நடு முத்தத்துல) வெயில்ல நின்னு ஸ்கிரீனப் பாருங்க, சாம்பல் கலர் எழுத்து ஒண்ணுமே தெரியாது. பட்டறைப் பக்கத்து ஸ்கிரீன்னா, கை ஈரமா சிமெண்டோட இருக்குறவங்க தொடப் போறாங்க, கல்லு ஊறுற தண்ணித் தொட்டி பக்கத்துலதான் இருக்கும். பெரிய பட்டன், கம்மியான பட்டன், இழுக்குற சைகை வேணாம்.

எத்தன பேர வச்சு டெஸ்ட் பண்றதுன்னா, ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-ல போட்ட கணக்கு ஒண்ண எல்லாரும் சொல்லுவாங்க, ஒருத்தர் சராசரியா 31 சதவீதம் பிரச்சினைய காட்டுவாரு, அஞ்சு பேருல 85 சதவீதம் பக்கம் வந்துரும்னு. அது அவங்க பாத்த ப்ராஜெக்டுகளோட சராசரி, உங்களுக்கு அப்படியே வரும்னு இல்ல. வாங்குறவங்க ஒரு வகை, பட்டறை ஆளுங்க ஒரு வகை, அதனால ரெண்டு பக்கமும் தனித்தனியா பாருங்க. ஒரேடியா நெறைய பேர கூட்டுறத விட, கொஞ்சம் பேர்கிட்ட காட்டி, திருத்தி, திரும்ப வேற கொஞ்சம் பேர்கிட்ட காட்டுறதுதான் பலன் தரும்.

இப்ப ஸ்பெக்

ஃபிக்மா லிங்க அனுப்பிட்டு “ஸ்பெக் அதுலயே இருக்கு”ன்னு சொல்றது பாதி வேலைதான். இடைவெளி, கலர் நம்பர், எழுத்து அளவு எல்லாம் டெவலப்பர் அதுலயே பாத்துக்குவாரு, அதுக்கு அளவு காட்டுற செவப்புக் கோடு போட்டு தனி டாக்குமெண்ட் வேணவே வேணாம். படத்துல இல்லாதது என்னன்னா விதி, நெலமை, எல்லை. அதத்தான் எழுதணும்.

விதிய எப்படி எழுதுறதுன்னு பாருங்க. ‘கல்லு எண்ணிக்கை கணக்கிடப்படும்’னு எழுதுனா டெவலப்பருக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. இப்படி எழுதுங்க: “ஒரு பக்கம் 9 அடி 7 இன்ச், கல்லு 10 இன்ச்னா, 115-ஐ 10-ஆல வகுத்தா 11.5, மேல ஏத்தி 12. எப்பவும் மேலதான் ஏத்தணும்.” உடனே அடுத்த கேள்வி வரும், அந்த அரைக் கல்லு வெட்டுறது பார்டர்லயா நடுவுலயா? இத டிசைனரும் டெவலப்பரும் ரூமுக்குள்ள உக்காந்து முடிவு பண்ணக் கூடாது, கொத்தனார்கிட்ட கேளுங்க. சேதாரத்துக்கு கூடுதலா எவ்ளோங்கிறதும் அப்படித்தான், சதவீதத்த பட்டறை சொல்லட்டும், ஆனா எதும்மேல போடுறதுன்னு நீங்க எழுதணும். 5 சதவீதம்னு வச்சுக்குவோம். அந்த 5-க்கு 20 நடையில மொத்தம் 144-க்கு போட்டா 7.2, ஏத்தி 8. தனித்தனியா போட்டா நடு 88-க்கு 5, நேர் 52-க்கு 3, மூலை 4-க்கு 1, ஆக 9. ஒரு கல்லு வித்தியாசம் பெருசா தெரியாது, ஆனா மூலைக் கல்லு ஒண்ணு ஒடைஞ்சா நடுக் கல்லு எத்தன மிச்சம் இருந்தாலும் அங்க வைக்க முடியாது. அதனால தனித்தனியாங்கிறதுதான் என்னோட கட்சி.

நெலமைகள்னு சொன்னேன்ல, ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் இதக் கேளுங்க: இன்னும் ஒண்ணுமே இல்லாதப்ப எப்படி இருக்கும், லோடு ஆகுறப்ப, நெட் போனப்ப, தப்பா போட்டப்ப, அளவுக்கு மேல இருக்குறப்ப. நெட் போனப்ப ஆர்டர் போச்சா இருக்காங்கிற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லாம விட்டுறாதீங்க. வெளிநாட்டுல இருந்து போட்டவர் போச்சுன்னு நெனச்சு திரும்பவும் அழுத்துவாரு, பட்டறையில ரெண்டு ஆர்டர் நிக்கும், அச்சுல ஊத்த ஆரம்பிச்சுட்டா திரும்ப எடுக்க முடியாது. “உறுதி பட்டன ஒரு தடவ அழுத்துனதும் அடங்கணும், அதே ஆர்டர் திரும்ப வந்தா சர்வர் புதுசா சேக்கக் கூடாது”ன்னு எழுதிருங்க.

தேதிக்கு ஒரு விதி. கல்லு வார்த்து, காஞ்சு, தண்ணியில ஊறி வர நாளாகும், சூளை கெடையாது, மழைக்காலத்துல இன்னும் இழுக்கும். அதனால எந்த நாளுக்கு முன்னாடி தேதி குடுக்கக் கூடாதுங்கிறத பட்டறையே மாத்திக்கிற மாதிரி செட்டிங்ஸ்ல வைங்க, கோட்ல பூட்டி வைக்காதீங்க. ஜனங்க கிரகப்பிரவேச தேதிய வச்சுத்தான் ஆர்டர் போடுவாங்க, அந்த நாளுக்கு வராதுன்னா ஆர்டர் முடிஞ்சப்புறம் சொல்லாம தேதி தொட்ட நிமிஷமே சொல்லணும். 05/06-ன்னு காட்டாதீங்க, 5 ஜூன்னு காட்டுங்க. காசு 1,25,000-ன்னு நம்ம முறையில கமா போட்டு வரணும்.

எல்லைகள்ல எண்ணோட எழுத வேண்டியது கொஞ்சம்தான். ஆண்ட்ராய்டுல தொடுற எடம் 48 டிபி, ஐபோன்ல 44 பாயிண்ட், எல்லாரும் பயன்படுத்துற மாதிரி வெப்சைட் இருக்கணும்னு சொல்ற விதித் தொகுப்பு, 2023 அக்டோபர்ல வந்த டபிள்யூசிஏஜி 2.2, குறைஞ்சபட்சமா 24 பிக்சல் சொல்லுது, நான் அந்த 24-ஐ பட்டறை ஸ்கிரீனுக்கு ஒத்துக்கவே மாட்டேன். ஒரு டிபிங்கிறது 160 டிபிஐ (இன்ச்சுக்கு 160 புள்ளி) ஸ்கிரீன்ல ஒரு பிக்சல், 320-ல ரெண்டு, அதனால 48 டிபி அங்க 96 பிக்சல், ஸ்பெக்ல பிக்சல் போட்டு குழப்பாதீங்க. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் (கான்ட்ராஸ்ட்) சாதா எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. ஆத்தங்குடின்னா செவப்பு கண்டிப்பா வரும், சுத்தமான செவப்பு மேல வெள்ளை எழுத்து 4-க்கு 1 பக்கம்தான் நிக்கும், சின்ன எழுத்துக்கு பத்தாது, செவப்ப கொஞ்சம் அடர்த்தியாக்குங்க. டிசைன் படத்து மேல எழுத்தே போடாதீங்க, பூவும் எழுத்தும் ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். கையால வார்க்குற கல்லு, கலர் கொஞ்சம் முன்ன பின்ன வரும்ங்கிற வரி டிசைன் தேர்ந்தெடுக்குற ஸ்கிரீன்லயே இருக்கணும், கடைசி பக்கத்து நிபந்தனையில ஒளிச்சு வைக்கிறது நாணயம் இல்ல.

தமிழ் எழுத்துக்கு தனியா ஒரு பகுதி எழுதுங்க, இத விட்டா யாரும் பாக்க மாட்டாங்க. மேல புள்ளியும் கீழ சுழியும் வர்றதால வரி உயரம் எழுத்து அளவுல ஒண்ணரை மடங்காவது வேணும், பட்டன் உயரத்த பூட்டாம உள்ள இருக்குற எழுத்துக்கு ஏத்தபடி வளர விடுங்க, எழுத்துக்கு நடுவுல இடைவெளி சேக்காதீங்க. அப்புறம் எண்ணிக்கை. ‘ஆத்தங்குடி’ நம்ம கண்ணுக்கு ஆறு எழுத்து, கம்ப்யூட்டருக்கு யூனிகோட்ல பத்து குறி, புள்ளியையும் சுழியையும் அது தனித்தனியா எண்ணும். ஒம்போதுல வெட்டுனா ‘ஆத்தங்குட’ன்னு நிக்கும், ஊர் பேரே போச்சு. அதனால “பேரு நீளமா இருந்தா முழு எழுத்து முடியிற எடத்துல வெட்டணும், குறி எண்ணிக்கைய வச்சு வெட்டக் கூடாது”ன்னு எழுதி, சோதிக்க இந்த ஊர் பேரையே குடுங்க, கூடவே ‘கோட்டையூர்’, ‘கானாடுகாத்தான்’ குடுங்க. எஸ்எம்எஸ் அனுப்புறீங்கன்னா இங்கிலீஷ்ல ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழ் கலந்துட்டா 70 குறிதான், அதுவும் இந்தப் பத்து எண்ணுற கணக்குலதான். ‘உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது’ன்னு நீட்டி எழுதுனா பாதி அதுலயே போயிரும், ஆர்டர் நம்பரும் தேதியும் முன்னாடி வர்ற மாதிரி மெசேஜ ஸ்பெக்லயே முழுசா எழுதிக் குடுங்க.

எவ்ளோ நீளமா எழுதுறதுன்னு கேட்டா, டெவலப்பர் பக்கத்து டேபிள்ல இருந்தா ரெண்டு மூணு பக்கம் போதும், மிச்சத்த பேசிக்கலாம். வேற ஊர்ல இருந்தா, இல்ல ஆள் மாறுவாங்கன்னா, விதியும் நெலமையும் ஒண்ணு விடாம எழுதுங்க. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்துல யார் சொன்னதுன்னு போடுங்க, பட்டறை அக்கா, கொத்தனார், இல்ல உங்க ஊகம். ஊகம்னு இருக்குறத மட்டும் தனியா பொறுக்கி எடுத்தீங்கன்னா அடுத்த ப்ரோட்டோடைப்புக்கான கேள்விகள் கெடைச்சுரும். டெவலப்பர் போன் போட்டு ஒண்ணு கேட்டா பதில வாயால மட்டும் சொல்லாதீங்க, அன்னைக்கே ஸ்பெக்ல ஏத்தி தேதி போட்டுருங்க, ப்ரோட்டோடைப்பும் ஸ்பெக்கும் முரண்பட்டா எழுத்துல இருக்குறதுதான் செல்லும்னு மொத பக்கத்துல ஒரு வரி சேத்துருங்க.